கதவு வயரும் கச்சான் குவியலும்

பக்ரறிக்கு ஆள் ஏற்றுகிற வானின் பின்வரிசை ஜன்னல் மூடாது. கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் அந்த வரிசையில் இருக்கிறவர்கள் வேலைக்குப் போய்ச் சேருமுன்னரே பாதி நனைந்துவிடுவார்கள். சாரதியிடம் கேட்டால், உள்ளே வயர் அறுந்துபோய்க் கிடக்கிறது, சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்பான். யாரிடம் சொல்கிறான்? நாள் முழுக்க நின்று கார்க் கதவுக்கு வயர் கட்டுகிற பெண்களிடம். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் விரலால் அமத்தினால் கண்ணாடி ஏறி இறங்குவதற்கு வேண்டிய வயரெல்லாம் இவர்கள் கையால்தான் போகிறது. இவர்கள் போகிற வானுக்கு ஒரு பொலித்தீன் பையும் நாலு றப்பர் பாண்டும். சுரேகாவுக்கு இதை நினைத்தால் முதலில் சிரிப்பு வரும். இப்போது அலுப்புத்தான் வருகிறது.

அந்த ஜன்னலோரத்தில் இருப்பது ரஜிதா. சுரேகாவின் புருசன் பிரதாபனுக்கு அக்கா. நாலு வருசமாக அவள்தான் அந்த இடத்தில் இருக்கிறாள். மாறி இருங்கோ என்று பிள்ளைகள் கேட்டாலும் விடமாட்டாள். தனக்கு மழை பிடிக்கும் என்று ஒரு பொய் சொல்லுவாள். நனைகிறவர் யாரோ ஒருவராக இருக்கத்தானே வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு கதை.

இவர்களுடையது தர்மபுரத்தில் வாய்க்காலோரக் காணி. பிரதாபனின் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். ஒரே வளவுக்குள் ஒரு கல்வீடும், அதற்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சின்ன அறையும். அறை ரஜிதாவுடையது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவளுடைய புருசன் செத்துப்போனான். அதே கிழமை அவளுடைய வலது கையில் செல் துண்டு பட்டது. கை மிஞ்சியது, ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. அதற்குப் பிறகு பத்து வருசத்துக்கு மேல் தம்பி வீட்டுச் சோறுதான். பிரதாபன் ஒரு நாளும் முகம் சுளித்தவனில்லை. சுரேகாவும் இல்லை. ஆனாலும் தன் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு விழுகிறபோதெல்லாம் ரஜிதா ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையைச் சுரேகாவால் தாங்க முடியாது.

பக்ரறியில் வேலை கிடைத்த மாதமே ரஜிதா அறைக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்துத் தனி அடுப்பு மூட்டினாள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. "ஒண்டும் நினையாத பிள்ளை, எனக்கு என்ர உலை வேணும்" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்குச் சுட்ட முதல் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் ஒரு தட்டில் கொண்டுவந்து பிரதாபனுக்குக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் நின்று பார்த்தாள். அவளுடைய முகத்தில் அப்படியொரு சந்தோசத்தைச் சுரேகா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சுரேகாதான் அந்த லைனுக்குத் தலைவி. லைன் என்பது நீண்ட மேசை. ஒவ்வொருத்திக்கு முன்னாலும் ஒரு பலகை. ஒருத்தி வயரை நிறம் பிரிப்பாள், அடுத்தவள் நுனியைச் சின்ன பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சொருகுவாள், அதற்கடுத்தவள் கறுப்பு ரேப் சுற்றுவாள். கடைசியில் ஒரு கட்டு முழுதாகி வரும். ரஜிதாவுடைய இடம் சொருகுகிற இடம். இடது கையால் பெட்டியைப் பிடித்து, வலது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுனியைத் தள்ளுவாள். கொஞ்சம் சுணங்கும். ஆனால் அவள் சொருகியது கழன்றதென்று ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

சுணக்கத்தை லைன் பார்த்துக்கொண்டது. இது யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கமில்லை, கச்சான் தோட்டத்திலிருந்து வந்தது. நிலக்கடலையைத்தான் இங்கே கச்சான் என்பது. இந்தப் பக்கத்தில் மாசியில் கச்சான் பிடுங்கினால், பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்திருந்து செடியிலிருந்து காய் ஆய்ந்து கொடுப்பார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக் கச்சானுக்கு இவர்கள் போவார்கள். ஒவ்வொருத்திக்கு முன்னாலும் செடி ஒரு குவியல். தன்னுடையதை முடித்தவள் எழும்பிப் போகமாட்டாள். முடியாதவளின் குவியலுக்குக் கிட்டப் போய் இருந்து அவளோடு ஆயத் தொடங்குவாள். எல்லாக் குவியலும் முடிந்த பிறகுதான் எல்லாரும் எழும்புவது. அப்படிக் கை பழகினவர்கள் பக்ரறிக்கு வந்தால் வேறு எப்படி வேலை செய்வார்கள்? கை ஓய்ந்தவள் பக்கத்துப் பலகையிலிருந்து ஒன்றை எடுப்பாள். நாள் முடிவில் எண்ணிக்கை சரியாக இருக்கும். மனேச்சருக்கும் அதுதான் வேண்டும்.

மனேச்சர் குகதாசன் யாழ்ப்பாணத்து மனிதர். சத்தம் போடத் தெரியாதவர். ஐப்பசிக் கடைசியில் எல்லாரையும் கன்ரீனுக்குள் கூப்பிட்டுவைத்து ஒரு கதை சொன்னார். கார் செய்கிறவன் காரின் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பூட்டு, ஜன்னல், பக்கக் கண்ணாடி, உள்ளே எரிகிற லைற், இதையெல்லாம் ஆட்டிவைக்கிற சின்னப் பெட்டி, அந்தப் பெட்டிக்குப் போகிற வயர் எல்லாம் வேறு கொம்பனிகள் செய்து கொடுப்பவை. உலகத்தில் அப்படிப் பெரிய கொம்பனிகள் நாலைந்துதான். அதில் ஒன்றுதான் எங்களுக்கு வேலை தருகிறது. புது மொடல் கார் வருகிற நேரம் அந்த நாலைந்தும் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடிக்கும். யார் மலிவு, யார் கெதியாக முடித்துத் தருவது என்பதுதான் பேச்சு. எதிரில் நிற்கிற கொம்பனிக்கு மொரோக்கோவில் பக்ரறி இருக்கிறது. இந்த முறை ஓடர் அங்கே போனால் இந்தக் கட்டடம் பழையபடி நெல்லுக் களஞ்சியம்தான்.

தயாளினி கையை உயர்த்தினாள். ரஜிதாவுக்கு அடுத்த பலகையில் நிற்கிறவள், எதையும் மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாதவள். அங்கேயும் எங்களைப்போலப் பொம்பிளையள்தானோ வேலை செய்கிறது என்று கேட்டாள். வேறு யார் செய்யப் போகிறார்கள் என்றார் குகதாசன்.

வேலை தருகிற கொம்பனியின் ஆட்கள் இரண்டு பேர் வருகிறார்கள், ஒவ்வொரு பலகையிலும் எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று அளப்பார்கள், அந்த நேரத்தை வைத்துத்தான் விலை போடுவார்கள் என்றும் சொன்னார். வழமைபோல வேலை செய்யுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். வழமைபோலவா? வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் கிழிந்த பாயை மடித்து உள்ளே வைத்துவிட்டு நல்ல பாயை விரிக்கிற சனம் இது. அளக்க வருகிறவனுக்கு வழமையைக் காட்டுமா?

அன்று பின்னேரம் வானுக்குள் சுரேகாதான் கதையைத் தொடங்கினாள். ரஜிதா அன்றைக்குக் கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவர்கள் வருகிற நாள் தண்ணி குடிக்க எழும்பக்கூடாது, வாய் கதைக்கக்கூடாது, கை மட்டும் ஓட வேண்டும் என்றாள். பிறகு குரலைத் தணித்து, ரஜிதாக்காவின் பலகையைப் பற்றிச் சொன்னாள். தயாளினி நுனிகளைப் பாதி சொருகியே அனுப்புவது. மற்றப் பக்கத்தில் நிற்கிற வினோஜா கட்டு வருமுன்னரே கையை நீட்டி இழுத்துக்கொள்வது. ரஜிதாக்கா ஒரு தரம் அமத்திவிட்டால் போதும். எல்லாரும் ஓம் என்றார்கள். அதில் யோசிக்க ஒன்றுமிருப்பதாக ஒருத்திக்கும் தோன்றவில்லை. சுரேகாவுக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. மச்சாளை ஒருவரும் குறை சொல்ல விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கொழும்பு இளைஞன் ஒருவனும். நல்ல மாதிரி. உழுந்து வடையை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு பலகை பலகையாக நின்றார்கள். லைன் அன்றைக்கு ஓடினதுபோல ஒரு நாளும் ஓடினதில்லை. ரஜிதாவின் முன்னால் வந்து நின்றபோது, தயாளினி பாதி சொருகின பெட்டியைத் தள்ளினாள், ரஜிதா அமத்தினாள், வினோஜா இழுத்தாள். இரண்டாவது தரமும் அப்படி வந்தபோது ரஜிதா, "விடு பிள்ளை, நான் செய்யிறன்" என்று தலையைத் தூக்காமல் சொன்னாள். தயாளினி விடவில்லை. வெள்ளைக்காரப் பெண் ரஜிதாவின் விரல்களைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். மிகவும் திறமை என்கிறா என்று அந்த இளைஞன் தமிழில் சொன்னான். ரஜிதா சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. களைப்பு என்று சுரேகா நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு விருப்பம்.

மார்கழியில் செய்தி வந்தது. ஓடர் எங்களுக்கு. கன்ரீனில் சக்கரைப் புக்கை பொங்கினார்கள். மொரோக்கோக்காரர் விலையில் மலிவாம், ஆனால் எங்கள் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கார்க்காரர் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்களாம். குகதாசன் முதல் தரமாகப் பல் தெரியச் சிரித்தார். சுரேகா ரஜிதாவின் கோப்பையில் இன்னொரு அகப்பை புக்கை வைத்தாள்.

தைப்பொங்கல் கழிந்து வேலைக்குப் போனால் மேசை மாறியிருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் மேலே ஒரு லைற். நிற்கிறவள் தன் அட்டையைத் தொட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். அன்றைக்கு அளந்த நேரத்துக்குள் முடித்தால் பச்சை. சுணங்கினால் சிவப்பு. ஒரு பலகையில் ஒரு சோடிக் கைக்கு மேல் போனால் மேலே இருக்கிற கமரா பிடித்துக் கணினிக்குச் சொல்லிவிடும். பக்கத்துப் பலகையிலிருந்து ஒன்றை எடுக்கிற கதையே இல்லை. ஓடர் கொடுத்தவர்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறார்களாம். எதிர்க் கொம்பனியில் எப்போதோ வந்துவிட்ட முறையாம்.

ரஜிதாவின் தலைக்கு மேல் சிவப்பு எரிந்தது. அணைந்தது, திரும்பவும் எரிந்தது. தயாளினி இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு அழுதாள். மத்தியானம் ரஜிதா சாப்பிட எழும்பவில்லை. அந்த இடைவேளைக்குள் செய்து பழகினால் கை கெதியாகும் என்று நம்பினாள். மடங்காத விரல் என்னவென்று கெதியாகும்? ஒரு கிழமை, இரண்டு கிழமை பார்த்தார்கள். மாதம் முடியுமுன் அந்தப் பலகைக்கு வேறு ஆள் போடச் சொல்லி மேலேயிருந்து வந்துவிட்டது.

சுரேகா குகதாசனின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"சேர், அண்டைக்கு அளந்தது ரஜிதாக்காவின்ர கை இல்லை" என்றாள். "நான்தான் பிள்ளையளுக்குச் சொல்லிச் செய்விச்சனான்."

குகதாசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும் தங்கச்சி. நான் இந்த அறைக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"தெரிஞ்சும் ஏன் சேர் பேசாமல் விட்டனீங்கள்?"

"நீங்கள் ஏன் செய்தனீங்கள்? அதுக்குத்தான் நானும் விட்டனான்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"இப்பவும் சொல்லலாம். அந்த நேரம் பிழை எண்டு நான் எழுதிப் போட்டால் அவையள் திரும்ப வருவினம். ஒரு கை பொய் எண்டால் மற்றக் கையளையும் நம்பாயினம். முழு லைனையும் புதுசா அளப்பினம். மற்றக் கொம்பனி தன்ர விலையோட வாசல்ல நிக்குது. அண்டைக்கு ஓடின ஓட்டத்தை நீங்கள் திரும்ப ஓடுவீங்களோ எண்டும் தெரியாது. ஓடர் போனாலும் போகும். எனக்கு விளங்கேல்லை தங்கச்சி. நீங்களே சொல்லுங்கோ, எழுதட்டோ?"

பெரிய மனேச்சர் தன்னிடம் கேட்கிறாரே என்று சுரேகாவுக்கு ஆத்திரம் வந்தது. அந்த மனிதரின் கண்ணைப் பார்த்த பிறகு ஆத்திரமும் இல்லை. அவரும் பாவம். கன்ரீனில் ஒரு இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வந்தாள்.

ரஜிதா அடுப்படியில் இருந்தாள். மூன்று கல்லும் புகையில் கறுத்துப்போய் இருந்தன. தோசைக்கல்லில் ஒரு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அடுத்த ரொட்டிக்கு மாவை இடது உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். சுரேகா பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வானில் சொன்னது, குகதாசன் சொன்னது, கன்ரீன் வேலை, ஒன்றும் விடவில்லை. ரஜிதா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நான் உன்னட்டக் கேட்டனானோ?" என்றாள்.

"இல்லை அக்கா."

"என்ர கை சுணங்கும். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவையள் வந்ததே அதை அளக்கத்தானே. அளந்திருந்தால் என்ர சுணக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பினம். அதுக்குள்ள எனக்கும் ஒரு இடம் இருந்திருக்கும். இப்ப அந்தக் கணக்கில நான் இல்லை. தயாளினி இருக்கிறாள், வினோஜா இருக்கிறாள். நாலு வருசம் அதில நிண்டனான். நான் நிண்டதுக்கு அங்க ஒரு அடையாளமும் இல்லை."

"அப்பிடி அளந்திருந்தால் ஓடர் கிடைச்சிராது அக்கா."

"கிடைச்சிராது. அப்பிடியெண்டால் எல்லாருமாச் சேர்ந்து வீட்டுக்கு வந்திருப்பம். அது வேற."

சுரேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள். நல்லதுக்குச் செய்தது அவளுக்குத் தெரியும். அதுதானே நெஞ்சை அறுக்கிறது. சேரிடம் எழுதச் சொல்லட்டோ என்று கேட்டாள்.

"வேண்டாம். தயாளினிக்கு ரெண்டு குஞ்சுகள். மற்றப் பிள்ளையளுக்கும் ஆரார் இருக்கினமோ. நாளைக்கு இந்தக் கையைக் காட்டி, இதாலதான் பக்ரறி மூடினது எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது." ரஜிதா ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டாள். "கன்ரீனும் வேண்டாம். வெங்காயம் உரிக்க விட்டால் அங்கயும் ஆரும் வந்து என்ர வெங்காயத்தை உரிப்பினம். எனக்குக் களைச்சுப் போச்சு பிள்ளை. போய்ப் படு."

அடுத்த கிழமையிலிருந்து வானில் அந்த ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. ஒருத்தியும் அதில் இருக்கத் துணியாததால் சுரேகா போய் இருந்தாள். மழை ஓய்ந்துவிட்டது, தூசிதான் வந்தது. ரஜிதாவின் பலகைக்கு ஓமந்தைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளுக்கு எப்போதும் பச்சைதான். சுரேகா அந்த லைற்றைப் பார்க்காமல் நடந்து பழகினாள். மொரோக்கோவில் இப்போது எத்தனை பேர் வீட்டில் இருப்பார்கள் என்று ஒரு நாள் தயாளினி கேட்டாள். வாயை மூடு என்று சுரேகா எரிந்து விழுந்தாள்.

வளவில் ரஜிதாவின் அடுப்பு முதலில் ஒருநேரம் புகையாமல் விட்டது. பிறகு இரண்டு நேரம். பின்னேர ரொட்டி மட்டும் நிற்கவில்லை. பிரதாபன் தங்கள் வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அந்த நிமிர்ந்து பார்க்கிற பார்வை திரும்பி வந்துவிட்டது. சுரேகா மீன் துண்டைச் சோற்றுக்கு அடியில் மறைத்து வைத்து அனுப்பத் தொடங்கினாள்.

மாசியில் கச்சான் பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை லைன் பிள்ளைகளெல்லாம் தர்மபுரத்துக்கு வந்துவிட்டார்கள். தயாளினி தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிரதாபன் செடிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மாமரத்துக்குக் கீழே ஒவ்வொருத்திக்கு முன்னாலும் குவித்தான். ரஜிதாவுக்கு முன்னாலும் மற்றவர்களுக்குப்போல ஒரே அளவுக் குவியல். பிளேன்ரீயும் சக்கரையும் ஓடித் திரிந்தன. பச்சைக் கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு எல்லாரும் கதைத்தார்கள். ரஜிதாவும் கதைத்தாள். வேலையைப் பற்றி மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரம் வினோஜாவின் குவியல் முடிந்தது. அடுத்தது சுரேகாவுடையது. ஒவ்வொன்றாக எல்லாம் முடிந்தது. ரஜிதாவுக்கு முன்னால் இன்னும் பாதிக்குமேல் கிடந்தது. வழக்கம்போல தயாளினி அரக்கி அரக்கிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு செடியைப் பிடித்தாள்.

ரஜிதா முழங்கையால் குவியலைத் தன்னருகே இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். இது என்ர" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நானே முடிப்பன்."

தயாளினி கையிலிருந்த செடியைத் திரும்ப வைத்தாள். அப்படியென்றால் எழும்பிப் போவதா? ஒரு குவியல் முடியாமல் கிடக்க எழும்பி யாருக்குப் பழக்கம்? ஒருத்தி சுரேகாவைப் பார்த்தாள். சுரேகாவுக்கும் தெரியவில்லை.

"போகாதேங்கோ" என்றாள் ரஜிதா. "இருங்கோ எல்லாரும்."

இருந்தார்கள். கதை மெல்ல மெல்ல ஓய்ந்தது. ரஜிதா ஒரு செடியை எடுப்பாள், உதறுவாள், இடது கையால் பிடித்து இரண்டு விரலால் ஒவ்வொரு காயாகப் பறிப்பாள், வெறும் செடியை முதுகுக்குப் பின்னால் எறிவாள், அடுத்ததை எடுப்பாள். அவசரப்படவில்லை. சுரேகா இதற்கு முன் இந்தக் கை வேலை செய்வதை முழுதாகப் பார்த்ததில்லை. எப்போதும் இடையில் யாராவது புகுந்துவிடுவார்கள், அவளும்தான். காய் ஒன்று நழுவி விழுகிறபோதெல்லாம் அவளுடைய கை தானாக முன்னே போகப் பார்த்தது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பொழுது பட்டது. தயாளினியின் சின்னது மடியில் நித்திரையாகிவிட்டது. பிரதாபன் என்ன ஏது என்று கேளாமல் மாமரக் கிளையில் ஒரு பல்ப்பைக் கொண்டுவந்து கொழுவிவிட்டு, தானும் ஒரு பக்கத்தில் குந்தினான்.

ரஜிதா கடைசிச் செடியை உதறினாள். காய்களைப் பறித்துப் பெட்டிக்குள் போட்டாள். மடியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு சுரேகாவைப் பார்த்தாள்.

"பாத்தனிதானே" என்றாள். "எனக்கு இவ்வளவு நேரம் எடுக்கும்."

"ஓம் அக்கா" என்றாள் சுரேகா.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் எழும்பினார்கள்.